வெள்ளி பூசிய பருத்தி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. ஆடை அழகுக்கு மட்டுமன்று. வெயிலிலும் குளிரிலும் உடலைக் காப்பதும் அதன் கடமை. சித்திரை மாத நண்பகலில் தொப்பம்பட்டிக் காடுகளில் களையெடுக்கும் நம் தாய்மாருக்குத் தலையில் போட்ட பருத்தித் துண்டே குடை. அந்தத் துண்டின் குணத்தையே மாற்றலாம் என்கிறது இன்றைய விஞ்ஞானம்.

எவ்வாறு? நம் உடலின் வெப்பம் அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பருத்தி அவற்றை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். உலோகமோ கண்ணாடிபோல் உடலுக்கே திருப்பிவிடும். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், பருத்தித் துணியில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிக் கம்பிகளைப் படியவைத்து உடற்சூட்டைக் காத்துக் காட்டினர். கம்பிகளின் தடிமனை நானோமீட்டரில்தான் அளக்க வேண்டும். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர்!

கொடைக்கானல் குளிருக்கு அது நன்று. சமவெளியில் வாழும் நமக்கு வேண்டியது குளிர்ச்சியல்லவா? அதற்கும் வழி பிறந்தது. 2021-இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானிகளும் பட்டிழைகளில் அலுமினியம் ஆக்ஸைடு நுண்துகள்களைப் பிணைத்தனர். அத்துணி சூரிய ஒளியில் சுமார் 95 சதவீதத்தைத் திருப்பியனுப்பி, வெயிலிலும் சுற்றுக் காற்றைவிடச் சுமார் 3.5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தது.

வியக்கிறோம், ஆயினும் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். முதலாவது, இது யாருக்கு? பட்டு உடுத்துவோர் பெரும்பாலும் நிழலில் இருப்பவர்கள். வெயிலில் வேகிறவர்கள் உடுத்துவது பருத்தி. ஆகவே இவ்வாராய்ச்சி மலிவான பருத்திக்கு முதலில் வரவேண்டும். நூற்பாலைகள் நிறைந்த திண்டுக்கல்லும், 1956-இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் உள்ள கோவையும் இதற்கு ஏற்ற இடங்களே.

இரண்டாவது, துவைத்த தண்ணீர் எங்கே போகும்? வெள்ளித் துகள் சேர்த்த சில காலுறைகளை நீரில் அலசியபோது வெள்ளி நீரில் கலந்ததை 2008-இலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கண்டனர். "முதலில் துணி வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்பாரும் உண்டு. அப்படிப் பிறகு பார்த்ததன் பலனை நொய்யல் அறியும். சாயக்கழிவால் அந்த ஆறு கெட்ட பின்னரே, 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

தோழியரே! இறைவன் தந்த நீரைக் கெடுக்காமல், உழைப்பவர் தலையைக் குளிர்விக்கும் துணியே நல்ல துணி. நாளை நம்மில் சிலர் விஞ்ஞானிகளாகலாம். அன்று ஆய்வுக்கூடத்தில் நுழையும்போது, காட்டில் குனிந்து நிற்கும் நம் தாய்மாரை நினைவில் கொள்வோமாக!