தேரை நகர்த்தியது யார்?

கல்பாத்தித் தேர்த்திருவிழாவைக் கண்ட தோழர்கள் அறிவார்கள்: முன்னே மக்கள் வடம் பிடித்து இழுப்பார்கள், பின்னே யானை நெற்றி கொடுத்துத் தள்ளும். சிறுவனாக அந்த அக்கிரகாரத் தெருவில் நின்றபோது, “தேர் நகர்வது நம்மாலா, யானையாலா?” என்று தாத்தாவைக் கேட்டேன். “யானையைக் கொஞ்சம் விலக்கினால் தெரியும்” என்றார். தேரின் ஓட்டத்தை எத்தனை நுட்பமாக அளந்தாலும் இரு விசைகளின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். தனித்தனிப் பங்கு கிடைக்காது.

அந்தப் பதிலை மறந்துவிட்டுத்தான் என் ஆய்வேட்டை எழுதினேன். ஒரு தொற்றுநோய்க்கு நேரியலற்ற சமன்பாடுகளை அமைத்துப் பதிவான எண்களோடு பொருத்தினேன். வளைகோடு புள்ளிகள்மேல் அழகாகப் படிந்தது. பாராட்டும் கிடைத்தது! பிறகு ஒரு நாள் வேறு தொடக்க மதிப்புகளைக் கொடுத்துக் கணிப்பொறியை ஓட்டினேன். அதே வளைகோடு! ஆனால் நோய்க்கு ஆளாகக்கூடியோர் தொகை பாதியாகியிருந்தது. நோயாளரில் பதிவானோர் பங்கு இரு மடங்காகியிருந்தது. இரண்டின் பெருக்கற்பலனை மட்டுமே என் தரவு அறிந்திருந்தது.

இது புதிய சிக்கலன்று. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கினால் நேர்ந்த மரணங்களைக் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927இல் ஒரு வாய்பாட்டில் அடக்கினர். (கெர்மாக் 1924இல் ஆய்வுக்கூட விபத்தில் பார்வையிழந்தவர், மெக்கென்ட்ரிக் கசௌலியில் பணிபுரிந்தவர்.) 890, 0.2, 3.4 என்ற மூன்றே எண்கள்! ஆனால் அவர்கள் சமன்பாடுகளில் அறியவேண்டியவை நான்கு: தொற்றும் வீதம், நோய் நீங்கும் வீதம், தொடக்கத்தில் நோய்க்கு ஆளாகக்கூடியோர், தொடக்க நோயாளர். மூன்றிலிருந்து நான்கைப் பிரிப்பதெப்படி? எலிகளின் நோயே மனிதரிடம் எதிரொலிக்கிறது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே அவர்கள் எழுதினர். அந்த அடக்கம் நம்மிடம் உண்டா?

“கோடு பொருந்துகிறதே, போதாதா?” என்பார் சிலர். போதாது. எத்தனை பேருக்குத் தடுப்பூசி வாங்குவது என்று ஓர் ஊராட்சி கேட்டால், என் இரண்டு விடைகளில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு சொல்லும்!

பெல்மனும் ஆஸ்ட்ரோமும் 1970இலேயே இச்சோதனைக்கு இலக்கணம் வகுத்துவிட்டனர். அளவெடுக்கும் முன்பே, இருவேறு எண்தொகுதிகள் ஒரே விளைவைத் தருமா என்று தாளில் பார்க்கலாம். அளவெடுத்த பின், ஓர் எண்ணைப் பிடித்து நகர்த்தி, மற்றவற்றைப் புதிதாகப் பொருத்திப் பார்க்கலாம். பிழை ஏறாமல் சமவெளிபோல் கிடந்தால் அந்த எண்ணை நாம் அறியவில்லை. அதற்கு வேறோர் அளவு வேண்டும். குருதிச் சோதனையால் உண்மையான நோயாளர் தொகையை அறிவது யானையை விலக்குவதற்கு ஒப்பாகும். இந்த ஒரு பக்கச் சோதனை இல்லாத ஆய்வேட்டை நம் துறைகள் ஏற்கக்கூடாது என்பேன்.

என் ஏட்டிலிருந்த அட்டவணையை நீக்கிவிட்டேன். பெருக்கற்பலன் மட்டும் இருக்கிறது.