கடலுக்குப் போகும் வழியில் நிற்பவர்கள்

கடலில் பிளாஸ்டிக் என்று சொன்னதும் நம் மாணவர்கள் மனதில் இரண்டு காட்சிகள் வந்துவிடுகின்றன. ஒன்று, 2015இல் கோஸ்டாரிகா கடலில் எடுக்கப்பட்ட காணொளி. ஆமையின் மூக்கில் சொருகிய உறிஞ்சுகுழலை இடுக்கியால் இழுக்கிறார்கள், ரத்தம் வழிகிறது. இன்னொன்று, அமெரிக்கப் புகைப்படக்காரர் கிறிஸ் ஜோர்டன் 2009 முதல் மிட்வே தீவில் எடுத்த படங்கள். செத்து மட்கிய ஆல்பட்ராஸ் குஞ்சின் வயிறு முழுக்க பாட்டில் மூடிகள். பார்த்தவர் சும்மா இருக்க முடியாது. நாங்களும் இருக்கவில்லை. ஆனால் கல்லூரி விழாக்களில் இந்தப் பொருளில் செய்யப்படும் ஓவியம், சிற்பம், வீதி நாடகம் என்று பார்த்துக்கொண்டே வந்ததில் ஒன்று உறுத்தியது. இவற்றில் ஆமை வருகிறது, திமிங்கலம் வருகிறது. மனிதர் வருவதில்லை. அப்படியே வந்தாலும் 'மனிதன்' என்று ஒருமையில், பெயரில்லாத குற்றவாளியாக வருகிறார்.

வடசென்னையில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு, சென்ற அக்டோபரில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. சுற்றுச்சூழல் வாரத்துக்கு ஒரு நிறுவுகலை செய்து தர வேண்டும். பார்வையாளர் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதாக இல்லாமல் உள்ளே நுழைந்து நடந்து, கேட்டு, தொட்டு அனுபவிப்பதாக இருக்க வேண்டும். பொருள்: கடலும் பிளாஸ்டிக்கும். பத்தொன்பது மாணவர்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நாலைந்து பேரின் அம்மாக்கள் தூய்மைப் பணியாளர்கள், எல்லோரும் ஒப்பந்தத்தில்.

மாணவர்கள் போட்ட முதல் வரைபடம் அழகாகவே இருந்தது. ஒரு அறை முழுக்க நீல செலோபன் தாள். கூரையிலிருந்து பால் கவர்களைக் கத்தரித்துச் செய்த ஜெல்லி மீன்கள். அலைச் சத்தம். நடக்க நடக்க மீன்கள் குறைந்து கவர்கள் கூடும். கடைசியில் ஆளுயரக் கண்ணாடி, அதன் மேல் 'குற்றவாளி இங்கே' என்ற வரி. எல்லோரும் கைதட்டினோம். நாங்களும்தான்.

அப்போது இரண்டாமாண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டாள். "அந்தக் கண்ணாடி முன்னாடி எங்கம்மா வந்து நின்னா அவங்க மூஞ்சிதான தெரியும் அக்கா?"

அவள் அம்மா, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களில் ஒருவர். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்டு உட்கார்ந்தவர்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள். கடலுக்குப் போகவிருந்த எத்தனையோ மூட்டை பிளாஸ்டிக்கைத் தெருவிலேயே தடுத்து நிறுத்திய ஒரு பெண்ணை, அவள் மகள் படிக்கும் படிப்பகத்தின் கலைப்படைப்பே குற்றவாளி என்று காட்டப்போகிறது. அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தோழர்களே, 'நாம் எல்லோரும் குற்றவாளிகள்' என்ற வாக்கியத்தை நம் ஆட்களே ரொம்ப எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதில் ஒரு பணிவு தெரிகிறது, அதனால் நல்ல வாக்கியம் போலத் தோன்றுகிறது. கணக்கைப் பாருங்கள். 1950 முதல் 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்கிறது 2017இல் வெளியான ஆய்வு. அந்தக் காலத்தில் கழிவானதில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 விழுக்காடுதான். இவ்வளவையும் செய்து சந்தைக்கு அனுப்பிய முடிவை எடுத்தவர்கள் யார்? ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு பொருட்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. பிரிக்க முடியாது, அதனால் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள். யாரும் வாங்காததால் யாரும் பொறுக்க மாட்டார்கள், நேரே கால்வாய்க்குப் போகும். தினக்கூலியில் வாழும் குடும்பம் மொத்த பாட்டில் வாங்க முடியாது என்று தெரிந்தே செய்த பொருள் அது. அதை வாங்கியவரைக் கண்ணாடி முன் நிறுத்திவிட்டுச் செய்தவரை விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

நம் நாட்டுச் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும் பிராண்ட் உரிமையாளர்மீதும் வைக்கின்றன. அதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விரிவான வழிகாட்டுதல் 2022 பிப்ரவரியில் வந்தது. அது நடக்கிறதா என்று கேட்கும் கலைப்படைப்பை எந்தக் கல்லூரி விழாவிலும் நாங்கள் பார்த்ததில்லை. துணிப்பை கொண்டு போங்கள் என்று சொல்வதைத்தான் பார்க்கிறோம். கொண்டு போகட்டும், நல்லதுதான். தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடையின் சுமையை முதலில் உணர்ந்தது பூக்காரம்மாவும் கையேந்தி பவன்காரரும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையைத் தாண்டி கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் ஒதுங்கின. பருப்பு அளவு வெள்ளை மணிகள், பிளாஸ்டிக் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருள். 2021இல் கொழும்பு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது இலங்கைக் கரையில் இதே மணிகள் டன் டன்னாகக் குவிந்தன. இவை எந்த வீட்டுக் குப்பைத் தொட்டியிலிருந்தும் வரவில்லை. எந்தத் துணிப்பையும் இவற்றைத் தடுத்திருக்காது. ஆனால் மணலிலிருந்து பொறுக்கக் கைகள் தேவைப்பட்டன.

அந்தக் கைகள்தான் எங்கள் படைப்பின் பொருளாயின.

சென்னையில் ஒரு கவர் கடலுக்குப் போகும் வழி மாணவர்களுக்கு மனப்பாடம். தெருமுனை, மழைநீர் வடிகால், பக்கிங்காம் கால்வாய் அல்லது கூவம், அப்புறம் வடகிழக்குப் பருவமழை வந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். மழை விட்டதும் அலை அதில் ஒரு பங்கைக் கரைக்கே திருப்பித் தரும். இந்த வழி நெடுக ஆட்கள் நிற்கிறார்கள். வீட்டு வாசலில் வண்டியோடு வருபவர், வடிகாலில் இறங்கி அடைப்பு எடுப்பவர், கொடுங்கையூர் மேட்டில் பிரிப்பவர், விடியலில் மெரினாவைப் பெருக்குபவர். பெரும்பாலும் தலித்துகள், அதிலும் பெண்கள். வழியின் கடைசியில் மீனவர். மீனவச் சமூகம் தலித் சமூகம் அல்ல, இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்களே படகில் போய்க் குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள். அடுத்தவர் கொட்டியதைத் தன் கையால் அள்ளுவது என்றால் என்ன என்று அவர்களிடமும் கேட்கலாம்.

புதிய வரைபடத்தில் நீல அறை கடைசிக்குப் போய்ச் சின்னதாகிவிட்டது. அதற்கு முன்னால் இருபதடி நீளத்துக்கு ஒரு வடிகால். மூங்கிலும் சாக்கும் அட்டையும் கொண்டு கட்டினோம். கூரை நாலடி உயரம்தான், யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். நுழையும்போது கையில் ஒரு மூட்டை தருவோம், நடுவில் இறக்கி வைக்க இடமில்லை. இருட்டில் அம்மாக்களின் குரல் கேட்கும். எத்தனை மணிக்கு எழுவது, கையுறை எத்தனை நாளைக்கு ஒருமுறை கிடைக்கும், எந்தத் தெருவில் தண்ணீர் கேட்டால் எந்தப் பாத்திரத்தில் தருவார்கள். நீல அறையில் தொங்கிய கிழிந்த நைலான் வலைகளைக் காசிமேட்டு அண்ணன் ஒருவர் தந்தார். கடல் பிளாஸ்டிக் எல்லாம் தரையிலிருந்தே போகிறது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தொங்கவிட்டோம். பசிபிக்கின் பெரும் குப்பைத் திட்டில் எடைக்கணக்கில் 46 விழுக்காடு மீன்வலைகள் என்று 2018இல் ஓர் ஆய்வு கண்டது. கண்ணாடி இருந்த இடத்தில், பொறுக்கிய பாக்கெட்டுகளை நிறுவனவாரியாகப் பிரித்து ஒட்டினோம். இப்படிப் பெயர் பார்த்து எண்ணும் வேலை 2018 முதல் பல நாடுகளில் நடந்துவருகிறது, நீங்களும் உங்கள் தெருவில் செய்து பார்க்கலாம்.

எளிதாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் சண்டை எங்களுக்குள்ளேயே வந்தது. பாக்கெட் பொறுக்கப் போகலாம் என்றதும் இரண்டு மாணவர்கள் வர மறுத்தார்கள். "எங்க வீட்ல தலைமுறையா இதைத்தான் பண்ணிட்டு இருக்கோம். இதுல இருந்து வெளிய வரத்தான் படிக்க வெச்சாங்க. கலைக்காகவும் நாங்களே குனியணுமா?" ஒருவருக்குச் செல்பி எடுக்கும் சேவையாக இருப்பது, இன்னொருவருக்குச் சாதி ஒதுக்கிக் கொடுத்த தொழில். இதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அந்த இருவரும் ஒலிப்பதிவு வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் பொறுக்கினார்கள், அவர்களில் சிலர் வாழ்க்கையில் முதல் முறையாக.

இரண்டாவது சண்டை வாடை பற்றியது. வடிகால் என்றால் நாற்றம் வேண்டாமா, இல்லாவிட்டால் உள்ளே போன உணர்வு எப்படி வரும் என்று கலையார்வம் மிகுந்த மாணவர் ஒருவர் வாதாடினார். கொஞ்சம் கழிவுநீர் கொண்டு வந்து வைப்பதாகத் திட்டம். அம்மாக்களிடம் கேட்டோம். ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "வேணாம் கண்ணு. அவங்க மூக்கைப் பொத்துவாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டே அடுத்து எங்களைத்தான் பாப்பாங்க. அதான் தெனமும் பாக்குறாங்களே." பார்வையாளரை முழுக்க உள்ளே இழுத்துவிட வேண்டும் என்ற ஆசைக்கு எல்லை எங்கே என்று அன்று கற்றுக்கொண்டோம். பத்து நிமிடம் குனிந்து நடப்பவருக்கு அந்த வாழ்க்கை புரிந்துவிடாது. புரிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டு வெளியே வந்தால் அது இன்னும் மோசம். குனியட்டும், சுமக்கட்டும், அந்தக் குரலைக் கேட்கட்டும். நாற்றத்தை வைத்து ஒரு சமூகத்தை மறுபடியும் காட்சிப்பொருளாக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சண்டை நீங்கள் எதிர்பார்ப்பதுதான். நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்பு கல்லூரித் தரப்பிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். குரல்களைக் கேட்டார். பாத்திரம் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொன்னார். "சுற்றுச்சூழல் எல்லாருக்கும் பொது. இதுல எதுக்கு சாதி?" கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். யார் குப்பை போடுகிறார், யார் எடுக்கிறார் என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது, அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் நீலத் தாள் என்று மாணவர்களே அவரிடம் விளக்கினார்கள். முடிவில் பகுதி இருந்தது, இடம் மாறியது. அரங்கின் முகப்பில் இருக்க வேண்டிய படைப்பு வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் போனது. ஒப்புக்கொண்டது சரியா என்று எங்களுக்குள் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது. ஆனாலும் கூட்டம் வந்தது. அந்தக் கல்லூரியின் தூய்மைப் பணியாளர் அக்காக்கள் மதிய இடைவேளையில் வந்து குரல்களை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார்கள்.

இது போலச் செய்ய நினைக்கும் தோழர்களுக்குப் பணம் பற்றி ஒரு வார்த்தை. வந்த தொகையில் முதல் செலவாக, ஒலிப்பதிவுக்கு வந்த அம்மாக்களுக்கு அவர்கள் இழந்த வேலைநேரத்துக்குக் கூலி கொடுத்தோம். பெயர்ப்பலகையில் கலைஞர்கள் வரிசையில், யார் விரும்பினார்களோ அவர்கள் பெயரை மட்டும் போட்டோம். 'நன்றி' என்ற தலைப்புக்குக் கீழே தள்ளவில்லை. மூவர் பெயர் வேண்டாம் என்றார்கள், ஒப்பந்தக்காரர் பார்த்தால் வேலை போய்விடுமாம். பிளாஸ்டிக் பற்றிய உலக ஒப்பந்தப் பேச்சில் குப்பை சேகரிப்போரின் சர்வதேசக் கூட்டமைப்பு போய் உட்கார்ந்து, எங்கள் வாழ்வாதாரத்தையும் எழுதுங்கள் என்று கேட்கிறது. 2024 டிசம்பரில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் அந்தப் பேச்சு உடன்பாடில்லாமல் முடிந்தது. இங்கே ஒரு பெயர்ப்பலகையில் பெயர் போடவே பயப்பட வேண்டியிருக்கிறது.

கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் நாங்களே பிரித்தோம். அப்படியே விட்டுவிட்டுப் போங்கள், காலையில் ஆள் வந்து எடுப்பார்கள் என்று காவலாளி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். இரவு பதினொன்றாகிவிட்டது. மூங்கில் வாடகைக்கடைக்குப் போனது. வலையை அண்ணன் திரும்ப எடுத்துக்கொண்டார். பாட்டில்களையும் பால் கவர்களையும் காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்கினார். பாக்கெட் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். இரண்டு மூட்டை. பேருந்தில் ஏற்ற நடத்துநர் விடவில்லை, ஆட்டோவில் கொண்டு வந்தோம். படிப்பகத்தின் பீரோவுக்குப் பின்னால் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் பெயர் இருக்கும் நிறுவனங்களுக்கு 2016 விதிகளைச் சுட்டிக்காட்டி மாணவர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள்: உங்கள் பொருள் எங்களிடம் இருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள் என்று. இதுவரை யாரும் வரவில்லை.