கெட்டோ என்று சொல்வதற்கு முன்

நம் லயங்களைப் பற்றிப் பேசும்போது "இது ஒரு கெட்டோ" என்று சிலர் சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து வருகிற பத்திரிகைக்காரர்கள் அப்படி எழுதுகிறார்கள். மே தின மேடைகளில் நாமும் சொல்லியிருக்கிறோம். கேட்கக் காரமாக இருக்கிறது, கைதட்டும் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சொல் எங்கே பிறந்தது, அதற்குள் யார் வாழ்ந்தார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அது ஐரோப்பா யூத மக்கள் மேல் சுமத்திய சொல். இன்னொரு மக்களின் துயரத்திலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்குகிறவர்கள் அதன் கணக்கையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எமது கருத்து. அந்தக் கணக்கைப் பார்த்தால் தொழிலாளர்களாகிய நாம் படிக்க வேண்டிய பாடம் அதில் நிறைய இருக்கிறது.

வெனிஸ்: பூட்டும் வாடகையும்

இத்தாலியில் வெனிஸ் என்று ஒரு நகரம். அங்கே வீதிகளுக்குப் பதிலாகக் கால்வாய்கள். 1516ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த நகரத்தின் ஆட்சி மன்றம் ஒரு கட்டளை போட்டது. நகரத்தில் இருக்கும் யூதர் எல்லோரும் ஒரு சின்னத் தீவுக்குக் குடிபெயர வேண்டும். அந்த இடத்தில் முன்பு உலோகம் உருக்கி வார்க்கும் பட்டறை இருந்தது. பட்டறைக்கு அந்த ஊர் மக்கள் வழங்கிய பெயரிலிருந்துதான் கெட்டோ என்ற சொல் வந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

சுற்றிலும் தண்ணீர். இரவில் வாசல்களைப் பூட்டுவார்கள், காலையில் மணி அடித்தால் திறப்பார்கள். வாசலில் கிறிஸ்தவக் காவல்காரர்கள், கால்வாயில் காவல் படகுகள். இவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? உள்ளே பூட்டப்பட்ட யூதர்கள்தான்!

வாடகைக் கதை இன்னும் மோசம். அந்தத் தீவில் அதுவரை இருந்த குடித்தனக்காரரை வெளியேற்றிவிட்டு யூதரைக் குடிவைத்தார்கள். முன்பு வாங்கிய வாடகையை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிக்கொள்ள வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது. யூதர் வீடு வாங்க முடியாது, வேறு இடத்துக்குப் போகவும் முடியாது. ஆட்கள் பெருகினார்கள், தீவு பெருகவில்லை. ஆகவே மாடிக்கு மேல் மாடி கட்டினார்கள். ஏழு மாடி வரை உயர்ந்தும் உள்ளே கூரை தலையில் இடிக்கும் உயரம்தான். அந்தக் கட்டிடங்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

இவ்வளவு வெறுப்பு இருந்தால் ஏன் துரத்திவிடவில்லை? தேவை இருந்தது. ஏழைகளுக்கு அடகுக் கடன் கொடுக்க அவர்கள் வேண்டும். வரி கட்ட வேண்டும். பழைய துணி வியாபாரம் செய்ய வேண்டும். நோய் வந்தால் யூத வைத்தியர் வேண்டும். இரவில் நோயாளியைப் பார்க்கப் போகும் வைத்தியருக்கு மட்டும் வாசல் திறந்துவிடுவார்கள். அவர்களுடைய உழைப்பு வேண்டும், அவர்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது. கெட்டோவின் பொருளாதாரமே இதுதான்.

வெனிஸ் முதலாவது இடமும் அல்ல. ஜேர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் 1462ஆம் ஆண்டிலேயே யூதரை ஒரே ஒரு ஒடுங்கிய தெருவுக்குள் அடைத்துவிட்டார்கள். 1616ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தெருவில் 500 குடும்பங்களுக்கு மேல் இருக்கக்கூடாது, வருடத்துக்கு 12 கல்யாணங்களுக்கு மேல் நடக்கக்கூடாது என்றது. பிள்ளையின் கல்யாணத்துக்குக்கூட வரிசையில் காத்திருக்க வேண்டும்.

ரோமாபுரியில் 1555ஆம் ஆண்டு பாப்பரசர் நான்காம் பவுல் கட்டளையிட்டார். அந்த நகரத்தில் யூதர் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே வாழ்ந்தவர்கள். அவர்களை ஆற்றங்கரையில் வெள்ளம் புகும் பள்ளத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். நிலம் வைத்திருக்கத் தடை. மஞ்சள் தொப்பி கட்டாயம். பழைய துணி வியாபாரத்தைத் தவிர மற்ற வியாபாரங்களுக்குத் தடை. அந்தக் கெட்டோ 1870 வரை, அதாவது 315 வருடம் நீடித்தது.

கருங்காலி இல்லாத கெட்டோ

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. வீடு குறைவு, ஆட்கள் அதிகம் என்றால் சொந்தக்காரன் என்ன செய்வான்? "நீ கூடத் தராவிட்டால் இன்னொருவன் தருவான்" என்பான். அந்த வார்த்தை நமக்குப் புதிதல்ல.

இத்தாலியக் கெட்டோக்களில் யூதர் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு இன்னொருவர் கூடுதல் வாடகை பேசிப் போகக்கூடாது. சொந்தக்காரன் ஒருவரைத் துரத்தினால் அந்த வீட்டை வேறு எந்த யூதரும் எடுக்கக்கூடாது. தங்களுக்குள் இப்படிக் கட்டுப்பாடு வைத்தார்கள். அதற்கு ஹஸாக்கா என்று பெயர். வெளியாட்கள் அங்கே குடிவர முடியாது என்பதால், துரத்திய சொந்தக்காரனுக்கு வெறும் வீடுதான் மிச்சம். இந்தக் கட்டுப்பாட்டைக் கடைசியில் ரோமாபுரியின் பாப்பரசர்களே சட்டமாக ஏற்க வேண்டி வந்தது. வாசல் சாவி அவர்கள் கையில் இல்லை. ஆனால் வாடகையைப் பிடித்து நிறுத்தும் கயிறு அவர்கள் கையில் இருந்தது. கருங்காலி இல்லாத இடத்தில் முதலாளி எவ்வளவு பலவீனமானவன் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

1797ஆம் ஆண்டு நெப்போலியனின் படை வெனிஸுக்குள் வந்தபோது கெட்டோவின் கதவுகளைப் பிடுங்கி எரித்தார்கள். மற்ற நகரங்களிலும் ஒவ்வொன்றாக வாசல்கள் விழுந்தன. கெட்டோ பழங்கதை என்று ஐரோப்பா நினைத்தது.

செங்கல்லுக்கு முன் வந்த காகிதம்

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அவர் முதல் நாளே சுவர் கட்டவில்லை. ஏப்ரல் மாதம் யூதரை அரசாங்க வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அடுத்து வந்தது மே தினம். அதைச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக அறிவித்து, பெரிய ஊர்வலமும் நடத்தினார்கள். தொழிற்சங்கங்கள் ஏமாந்தன. மறுநாள் மே 2ஆம் திகதி நாடு முழுவதும் தொழிற்சங்கக் காரியாலயங்களுக்குள் புகுந்தார்கள். தலைவர்களைப் பிடித்தார்கள், சங்கப் பணத்தைப் பறித்தார்கள். 1935இல் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. யூதரின் பிரஜாவுரிமை போனது. 1938 நவம்பரில் ஜெப ஆலயங்கள் எரிந்தன.

1939 செப்டெம்பரில் போலந்து மீது படையெடுத்த பிறகுதான் கெட்டோ திரும்பி வந்தது. வேலை போய், சங்கம் போய், பிரஜாவுரிமை போய், கேட்பதற்கு ஆள் இல்லாத பிறகுதான் செங்கல் வந்தது. சுவர் முதலில் எழும்புவது காகிதத்தில்தான்.

போலந்தின் தலைநகரம் வார்சோ. 1940 நவம்பரில் அங்கே 10 அடிக்கு மேல் உயரமான சுவருக்குள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதரை அடைத்தார்கள். நகர மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நகர நிலத்தில் கிடைத்தது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. சராசரியாக ஒரு அறைக்கு ஏழு பேர். சுவர் கட்டிய செலவையும் யூதர் தலையிலேயே கட்டினார்கள். வெனிஸின் பழைய புத்தி!

"இது தொற்றுநோய்ப் பகுதி" என்று பலகை வைத்தார்கள். ஆட்களை நெருக்கி அடைத்து, சவர்க்காரமும் சாப்பாடும் இல்லாமல் செய்து, அதனால் காய்ச்சல் பரவியபோது "பாருங்கள், இவர்கள் அழுக்கான சனங்கள்" என்று காட்டினார்கள். ரேஷனில் கிடைத்தது ஒரு ஆளின் தேவையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சின்னப் பிள்ளைகள் சுவர் ஓட்டைகளால் வெளியே நுழைந்து பாணும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பிடிபட்ட பிள்ளைகளைச் சுட்டார்கள். 1942 நடுப்பகுதிக்குள் பசியாலும் நோயாலும் மட்டும் 80,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

பழைய கெட்டோவுக்கும் நாஜிகளின் கெட்டோவுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கக்கூடாது. வெனிஸும் ரோமாபுரியும் யூதரை அடைத்துவைத்துப் பயன் எடுத்தன. நாஜிகளின் கெட்டோவோ கொலைக்களத்துக்குப் போகும் வழியில் ஒரு தங்குமடம். 1942 ஜூலை 22ஆம் திகதி ரயில்கள் ஓடத் தொடங்கின. இரண்டு மாதத்துக்குள் வார்சோவிலிருந்து ஏறக்குறைய 265,000 பேரை திரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். லோட்ஸ் நகரத்துக் கெட்டோவில் யூதர் பட்டறைகளில் ஜேர்மன் படைக்குச் சீருடை தைத்தார்கள். உழைத்தால் உயிர் தப்பலாம் என்று அங்கிருந்த தலைவர் நம்பச் சொன்னார். 1944 ஆகஸ்டில் அவர்களையும் ரயில் ஏற்றினார்கள். கொல்லத் தீர்மானித்தவனுக்கு உழைப்பும் ஒரு பொருட்டல்ல.

ஐரோப்பா முழுவதிலும் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

தொழிலாளிகள் என்ன செய்தார்கள்?

யூதர் ஆடுகளைப் போல அமைதியாகப் போனார்கள் என்று சொல்வது பொய். 1897ஆம் ஆண்டிலேயே வில்னா நகரத்தில் யூதத் தொழிலாளர் "பண்ட்" என்ற தங்கள் இயக்கத்தை இரகசியமாக ஆரம்பித்தார்கள். தோல் பதனிடுகிறவர்களும் நெசவாளரும் தையல்காரரும் அதில் சேர்ந்தார்கள். படித்தவர்களின் பாஷையில் அல்ல, வீட்டில் பேசிய யித்திஷ் மொழியிலேயே பேசினார்கள், எழுதினார்கள்.

அந்த இயக்கத்தில் வளர்ந்தவர் ஷ்முல் சிகில்போய்ம். கையுறை தைக்கும் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவரானவர். 1939 இறுதியில் வார்சோவில் கெட்டோ அமைக்கும் கட்டளை முதலில் வந்தபோது, யூத சபையில் இருந்த அவர் உடன்பட மறுத்தார். பலவந்தமாக இழுத்துப் போகும்வரை வீட்டைவிட்டுப் போகாதீர்கள் என்று வெளியே கூடியிருந்த சனத்திடம் சொன்னார். பிறகு அவர் நாட்டைவிட்டுத் தப்ப வேண்டியதாயிற்று. லண்டனுக்குப் போய், தம் மக்கள் கொல்லப்படுவதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். யாரும் அசையவில்லை. 1943 மே மாதம், அந்த மௌனத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரைவிட்டார்.

அதே நாட்களில் வார்சோவில் மிஞ்சியிருந்த இளைஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1943 ஏப்ரல் 19ஆம் திகதி, கெட்டோவை முற்றாக அழிக்க வந்த படையைச் சில நூறு இளைஞர்கள் கைத்துப்பாக்கியும் பெட்ரோல் குண்டும் வைத்து எதிர்த்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் நின்றார்கள். தலைவர்களில் ஒருவர் பண்ட் இயக்கத்தின் மாரெக் எடெல்மான். அவர் சாக்கடைக் குழாய் வழியாகத் தப்பி, பின்னாளில் இருதய வைத்தியரானார். போலந்துத் தொழிலாளர்கள் 'ஒற்றுமை' சங்கத்தை அமைத்தபோது அதிலும் சேர்ந்தார். 2009இல் காலமானார்.

துப்பாக்கி எடுக்காதவர்களும் போராடினார்கள். கட்டிடத்துக்கு ஒரு கமிட்டி அமைத்து, இருந்ததைப் பங்கிட்டுப் பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்தார்கள். சரித்திர ஆசிரியர் எமானுவேல் ரிங்கெல்புளூம் ஒரு குழுவைச் சேர்த்து எல்லாவற்றையும் எழுதி வைத்தார். பாணின் விலை, ரேஷன் அட்டை, பள்ளிப் பிள்ளையின் கட்டுரை, சுவரில் ஒட்டிய கட்டளை, இனிப்புச் சுற்றிய தாள்கூட விடவில்லை. அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டு நிலத்தில் புதைத்தார்கள். ரிங்கெல்புளூம் 1944இல் கொல்லப்பட்டார். குழுவில் தப்பியவர்கள் மூன்றே பேர். 1946இலும் 1950இலும் இடிபாடுகளுக்குள் தோண்டி இரண்டு பகுதிகளை எடுத்தார்கள். கொன்றவனின் கணக்கை மட்டும் உலகம் படிக்காமல், செத்தவர்களின் கணக்கையும் இன்று படிக்க முடிகிறதென்றால் அந்தப் பால் கேன்களால்தான்.

நம் பக்கம்

ஆகவே தோழர்களே, நம் லயத்தைக் கெட்டோ என்று சொல்ல வேண்டாம் என்பது எமது வேண்டுகோள். நம்மை யாரும் கொலை ரயிலில் ஏற்றவில்லை. பிறர் துயரத்தைப் பெரிய சொல்லாக எடுத்து வீசினால் அவர்கள் துயரமும் சிறுக்கும், நம் துயரமும் விளங்காமல் போகும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவுக்கு லயம் என்ற பெயர் இருக்கிறது. நம் கதையைச் சொல்ல அதுவே போதும்.

ஆனால் பாடத்தை எடுத்துக்கொள்வோம். காகிதம் என்ன செய்யும் என்பது நமக்கும் தெரியும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. நம் தாத்தா பாட்டிமாரின் வாக்கு போய்விட்டது. அதைத் திரும்ப எடுக்க 2003 வரை போக வேண்டியிருந்தது. இன்று வீட்டுக்கும் காணிக்கும் உறுதி கேட்கிறோம். தருகிற பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகே கையெழுத்து வைப்போம். ஒரு குடும்பத்தை வீட்டிலிருந்து எழுப்பப் பார்த்தால், நிர்வாகத்திடம் நல்ல பெயர் வாங்கி அந்த வீட்டுக்குள் நம்மில் ஒருவர் நுழையக்கூடாது. அப்படி நுழைந்தவர்களும் நம்மிடையே உண்டு என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்வோம்.

எழுதியும் வைப்போம். பழைய செக்ரோல் துண்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரம், கமிட்டி மினிட்ஸ் கொப்பி என்று வீட்டில் எது இருந்தாலும் அடுப்பில் போடாதீர்கள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பாட்டிமாரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கொப்பியில் எழுதட்டும்.

சாவின் வாசலில் இருந்தவர்கள் இனிப்புத் தாளைக்கூடப் பத்திரப்படுத்தினார்கள். நமக்கு நேரம் இருக்கிறது. நாம் ஏன் தாமதிக்க வேண்டும்?