எழுத்துருக்களுக்குக் குறிப்பூட்டல் இன்னும் வேண்டுமா?



எழுத்துரு வடிவமைப்போரிடையே சில ஆண்டுகளாகவே ஒரு கருத்து வலுப்பெற்று வருகிறது. ‘ஹிண்டிங்’ என்னும் வேலை இனித் தேவையில்லை, திரைகளெல்லாம் தெளிவாகிவிட்டன, பழைய கணினிகளுக்காகச் செய்த அந்த உழைப்பை இன்னும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இதில் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் பிரித்துக் காட்டுபவர்கள் நாம்தாம். அந்தச் சுழிகள் திரையில் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டியவர்களும் நாம்தாம்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எழுத்துருக் கோப்பினுள் ஒவ்வோர் எழுத்தும் கோடும் வளைவுமாகத்தான் இருக்கிறது. திரையோ சின்னஞ்சிறு கட்டங்களால் ஆனது. அக்கட்டங்களைப் பிக்சல் என்கிறோம். வளைவு கட்டத்தின் நடுவே வெட்டிக்கொண்டு போனால், அந்தக் கட்டத்தைக் கருப்பாக்குவதா, வெள்ளையாக விடுவதா? இந்தச் சுழியை மூடிவிடாதே, இந்தக் கோட்டுக்கு ஒரு கட்டமாவது கொடு, இந்தப் புள்ளிக்கும் உடலுக்கும் இடையே ஒரு கட்டம் விடு என்று எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவைக்கும் கட்டளைகள்தாம் ஹிண்டிங். குறிப்பூட்டல் என்று இங்கே எழுதுகிறேன். ஆப்பிள் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ட்ரூடைப் எழுத்துரு முறை இதற்கென்றே ஒரு சிறு நிரல்மொழியைக் கொண்டுவந்தது.

ஆங்கிலத்துக்கு இதில் எவ்வளவு உழைத்தார்கள் என்பதைப் பாருங்கள். 1996-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வெர்டானா, ஜார்ஜியா இரண்டையும் வரைந்தவர் மேத்யூ கார்ட்டர். குறிப்பூட்டியவர் டாம் ரிக்னர். வரைவதற்கு ஒருவர், குறிப்பூட்டுவதற்கென்றே இன்னொருவர்! வெர்டானாவைக் கார்ட்டர் முதலில் கட்டங்களில் வரைந்துவிட்டு, அதன்பிறகே வளைவுகளை வரைந்தார். இருபத்தாறு எழுத்துகள் கொண்ட மொழிக்கு அந்தப் பாடு!

தமிழுக்கு அது கூடுதலாகவே தேவைப்படும். எழுத்தளவு 12 என்பது பழைய கணினித் திரையில் ஏறத்தாழ 16 பிக்சல் உயரம். அதற்குள் மேலே புள்ளிக்கும் விசிறிக்கும் இடம் வேண்டும். கீழே உகரக் குறிக்கும் வேண்டும். எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது எட்டு, ஒன்பது கட்டங்கள்தாம். அதற்குள் ‘கீ’யின் சுழி மூடிக்கொண்டால் அது ‘கி’. கீரி கிரியாகிவிடும். ‘ர’வின் சாய்ந்த கால்நுனி மறைந்தால் அது துணைக்கால், மரம் ‘மாம்’ ஆகும். புள்ளி போனால் பல் ‘பல’ ஆகும்.

புள்ளி தொலைவது தமிழுக்குப் புதிதன்று. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே கூறியிருந்தும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை இடாமலே விட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துப்போகும். படித்தவர்கள் புலவர்கள். விட்டுப்போன புள்ளியைத் தங்கள் மொழியறிவால் இட்டுக்கொண்டார்கள். நம் முதலாம் ஆண்டுப் பிள்ளை எதைக் கொண்டு இட்டுக்கொள்ளும்? கண்ணுக்குத் தெரிவதுதான் அதற்கு எழுத்து.

வேண்டாம் என்பவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 2010-இல் வந்த ஐபோன் 4-இன் திரையில் ஓர் அங்குலத்துக்கு 326 பிக்சல்கள் இருந்தன. அத்தகைய திரைக்குக் குறிப்பூட்டல் பெரும்பாலும் வீண்தான். ஆப்பிள் கணினிகள் எழுத்துருவிலுள்ள குறிப்புகளைப் பொருட்படுத்துவதே இல்லை. அவற்றோடு வரும் இணைமதி எழுத்துருவை வடித்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் நம் பள்ளிகளில் எத்தனை ஆப்பிள் கணினிகள் இருக்கின்றன?

பேரா மாநிலத்தில் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டத்தில் தோன்றியவை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதி வந்தது. மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ந்தனர். பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட அத்தகைய பள்ளிகளின் கணினி அறைகளில் இருப்பது பெரும்பாலும் யாரோ மாற்றும்போது கழித்துக் கொடுத்தவை. (நன்கொடையைக் குறை சொல்லவில்லை. அது வராவிட்டால் அறையே இருக்காது.) நகரப் பள்ளியில் திறன்பலகை, இங்கே 1024-க்கு 768 பிக்சல் புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும்.

அந்தச் சுவரில் நாம் என்ன செய்கிறோம்? பாடநூலின் மின்பதிப்பைத் திறந்து, முழுப்பக்கமும் தெரியுமாறு வைக்கிறோம். ஏ4 அளவுப் பக்கத்தின் உயரம் முழுவதும் 768 பிக்சலுக்குள் அடங்குகிறது. அதாவது அங்குலத்துக்கு 65 பிக்சல்தான். நூலில் அளவு 14-இல் அச்சான எழுத்து, சுவரில் 13 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. சுவரில் பெரிதாகத் தெரிகிறதே என்று எண்ண வேண்டாம். கட்டம்தான் பெரிதாகியிருக்கிறது, கட்டங்களின் எண்ணிக்கை கூடவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து கிளியர்டைப் இருக்கிறதே, அது போதாதா எனலாம். ஒவ்வொரு பிக்சலிலும் பக்கவாட்டில் அமைந்த சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைச் சீராக்கும் முறை அது. மடிக்கணினித் திரைக்கு நல்லது. புரொஜெக்டர் ஒளியில் அந்தக் கீற்றுகளே கிடையா. எழுத்தின் ஓரத்தில் வண்ணக் கசிவுதான் மிஞ்சும். மேலும், அது கைகொடுப்பது கிடைவாக்கில். தமிழின் புள்ளியும் விசிறியும் நிற்பதோ செங்குத்தாக. அந்த ஒரு கட்ட இடைவெளியைக் காப்பாற்றக் குறிப்பூட்டல்தான் வேண்டும்.

ஆகவே, வழக்கொழிந்தது என்று தீர்ப்பெழுதுவோர் எந்தத் திரையில் பார்த்து எழுதுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. எழுத்துரு வடிப்பவர் தம் மேசைத் திரையில் பார்க்கிறார். நம் பிள்ளை சுவரில் பார்க்கிறது. எல்லா எழுத்துக்கும் கையால் குறிப்பூட்டுவது பெருஞ்செலவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம். புள்ளி, இகர ஈகார விசிறிகள், ரகரத்தின் கால், ண-ன சுழிகள் ஆகியவற்றுக்கு மட்டுமாவது ஊட்டலாமே! கட்டுரைக்கென்று வடிப்பவர் விட்டாலும் விடட்டும். பள்ளிக்கென்று வடிப்பவர் விடக்கூடாது.

நம் பங்கும் இருக்கிறது. நழுவம் தயாரிக்கையில் அழகு அழகான எழுத்துருக்களை இறக்கிக்கொள்கிறோம். அவற்றுள் எவரும் கவனமாய்க் குறிப்பூட்டாதவை பல. விண்டோஸ் 2000-உடன் வந்த லதா, விண்டோஸ் 8-உடன் வந்த நிர்மலா போன்றவை பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் முதலில் அவற்றைச் சுவரில் இட்டுப் பார்ப்பது நல்லது. பாடநூலை முழுப்பக்கமாகக் காட்டாமல் அரைப்பக்கமாகக் காட்டினால் பிக்சல் இரட்டிப்பாகும். இன்னொன்று: புலனத்தில் பயிற்சித்தாளைப் படமெடுத்து அனுப்பினால் அது சுருங்கிப் போய்ச் சேர்கிறது; படமாகிவிட்ட எழுத்தை எந்தக் குறிப்பூட்டலும் காப்பாற்றாது. கோப்பாகவே அனுப்புங்கள். பெற்றோரும் அவ்வாறே கேட்டு வாங்குங்கள்.

பல், பல, மரம், கீரி, கிரி, அண்ணன், மன்னன். இச்சொற்களை எழுத்தளவு 12-இல் தட்டச்சு செய்து, உங்கள் வகுப்புச் சுவரில் காட்டி, கடைசி வரிசைப் பிள்ளையின் நாற்காலியில் அமர்ந்து படித்துப் பாருங்கள். எந்த எழுத்துருவில் அத்தனையும் தெரிந்தன என்பதை எனக்கும் எழுதுங்கள்.