மாணவர் ஐயமும் விளக்கமும்: 1900 ஏன் லீப் ஆண்டு அன்று?

ஐயம்: 1900 நான்கால் மீதியின்றி வகுபடுகிறது. ஆயினும் அதனை லீப் ஆண்டு என்று எழுதியதற்கு எனக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. நூற்றாண்டுகள் 400ஆல் வகுபட வேண்டும் என்பது விதியாம். விதியை மனப்பாடம் செய்துவிட்டேன், காரணம் விளங்கவில்லை. வகுப்பில் கேட்டால் தோழியர் நகைப்பார்களோ என்று அஞ்சிப் பேசாதிருந்துவிட்டேன்.
- ஒன்பதாம் வகுப்பு மாணவி

விளக்கம்: அன்பு மகளே, இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நாட்காட்டிக் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்னும் வினாவைத் திருச்சபையே ஒரு காலத்தில் தன் அறிஞர்களிடம் கேட்டது.

ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் நடைமுறைப்படுத்திய நாட்காட்டியில் ஓர் ஆண்டின் அளவு 365 நாள் 6 மணி. நான்கு ஆண்டுகளின் மிகுதி மணிகள் சேர்ந்து ஒரு முழு நாளாகும். அதுவே லீப் நாள். ஆனால் பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வரும் உண்மையான காலம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 விநாடி. வேறுபாடு ஆண்டுக்கு 674 விநாடிதான். நாளொன்றுக்கு இரண்டு விநாடிகூட நிறையாத பிழை!

இச்சிறு பிழை செய்ததைப் பார். நிசேயாப் பொதுச்சங்கம் கூடிய 325ஆம் ஆண்டுக் காலத்தில், பகலும் இரவும் ஒத்திருக்கும் வசந்த நாள் மார்ச் 21 என்று கொள்ளப்பட்டது. அந்நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. அதிலிருந்து 1582 வரை 1,257 ஆண்டுகள். 1,257ஐ 674ஆல் பெருக்கி, ஒரு நாளுக்குரிய 86,400 விநாடிகளால் வகுத்துப் பார், ஏறத்தாழ 9.8 கிடைக்கும். வானத்தில் அந்த வசந்த நாள் மார்ச் 11இலேயே வந்துகொண்டிருந்தது. ஏட்டிலோ 21 என்றே இருந்தது. பெருவிழா தன் பருவத்தை விட்டு விலகலாயிற்று.

இதனைத் திருத்தத் திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் முனைந்தார். இத்தாலிய மருத்துவர் லிலியுஸ் வகுத்த திட்டத்தை இயேசு சபைக் கணித அறிஞர் கிளாவியுஸ் முதலியோர் ஆராய்ந்து செப்பமுறச் செய்தனர். 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை ஆயிற்று. அவிலா நகர்ப் புனித தெரேசா இறைவனடி சேர்ந்தது அவ்விரவில்தான். அவர் திருநாளை நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுகிறோம்.

பழைய பிழை நீங்கிற்று. அது மீண்டும் வாராதிருக்க என்ன வழி? 674ஐ 400ஆல் பெருக்கி 86,400ஆல் வகுத்தால் 3.12 வரும். அதாவது, 400 ஆண்டுகளில் மூன்று நாட்கள் மிகுதி. ஆகவே, நான்கு நூற்றாண்டு ஆண்டுகளுள் மூன்றில் லீப் நாளை விலக்கி, 400ஆல் வகுபடும் ஒன்றில் மட்டும் நிறுத்தினர். எனவேதான் 1700, 1800, 1900 ஆகியவை லீப் ஆண்டுகள் அல்ல, 2000 லீப் ஆண்டு, 2100 அன்று.

இப்போதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 26 விநாடி பிழை எஞ்சுகிறது. அது ஒரு நாளாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? நீயே வகுத்துப் பார்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: பிள்ளை 'ஏன்?' என்று கேட்கையில், 'விதி அப்படித்தான்' என்று வாயடைக்காதீர்கள். விடை தெரியாவிடில் உடன் அமர்ந்து தேடுங்கள். தன் நாட்காட்டியில் பிழையுண்டு என்று ஒப்புக்கொள்ளத் திருச்சபை நாணவில்லை; ஐயம் கேட்கப் பிள்ளைகள் நாண வேண்டுவதில்லை. மகளே, அடுத்த வகுப்பில் எழுந்து நின்று கேள்.