குங்கிலிய மரமும் அம்பர்க் கட்டியும்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஆனைமலை மீது ஏறும் பாதை, தமிழ்நாட்டுக் காட்டைக் கடந்து, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்தை அடைகின்றது. உடுமலைப்பேட்டையிலிருந்து புறப்படும் மற்றொரு பாதை சின்னாறு வழியாக இடுக்கி மாவட்டத்து மறையூருக்குச் செல்கின்றது. இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆயினும் ஒரே மலைத்தொகுதியைச் சார்ந்து, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி நிற்கின்றன. இம்மலைகளின் மழை மிகுந்த மேற்குச் சரிவுகளில், பசுமை மாறாக் காடுகளில், குங்கிலிய மரங்கள் வளர்கின்றன. காடர் முதலிய மலைவாசிகள் சேகரிக்கும் அவற்றின் பிசின், சமவெளியின் நாட்டு மருந்துக் கடைகளில் தூபப் பொருளாக விற்பனையாகின்றது. தணலில் இடப்பட்டு ஒரு நாழிகையில் புகையாகிவிடும் இப்பொருளின் முன்னோர், 5 கோடி ஆண்டுகளாக மண்ணுள் புதைந்து அழியாமல் இருப்பதைப் பலர் அறியார்.

அப்பொருளே அம்பர். தமிழில் இச்சொல் இரு பொருள்களைக் குறிக்கும். திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து வரும் வாசனைப் பொருளை மீனம்பர் என்பர், அது வேறு. இங்குக் கூறப்படுவது மரத்தினின்று வடிந்த பிசின் வண்டலுள் புதைந்து, நறுமண எண்ணெய்கள் நீங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகியதால் உண்டான பொருளாகும். அது நகத்தைப் போல மென்மையானது. உப்பு மிகக் கரைந்த நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. கம்பளியில் தேய்த்தால் துரும்பை ஈர்க்கும். இதற்குக் கிரேக்கர் வழங்கிய எலக்ட்ரான் என்னும் பெயரிலிருந்தே மின்சாரத்தின் ஆங்கிலப் பெயர் பிறந்தது.

இதனைக் கனிப்பொருள் எனலாமா என்பது பழைய விவாதம். கனிப்பொருளுக்குத் திட்டமான ரசாயன அமைப்பும், பெரும்பாலும் படிக அமைப்பும் வேண்டும். ஜெர்மனியில் ஆர்ட்டர்ன் என்னுமிடத்தில் பழுப்பு நிலக்கரியினூடே கண்டெடுக்கப்பட்ட தேன் நிறமான மெல்லைட், அலுமினியமும் ஒரு கரிம அமிலமும் நீரும் சேர்ந்த உண்மையான படிகம். கரிமக் கனிப்பொருள் என்னும் பெயருக்கு அது முழு உரிமை உடையது. அம்பருக்கு அவ்வுரிமை இல்லை. வழக்கினாலேயே அது கனிப்பொருள்களின் வரிசையில் வைக்கப்படுகின்றது. இலக்கணத்தில் அதற்கு இடமில்லை என்பதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

குஜராத்தில் சூரத் மாவட்டத்தைச் சேர்ந்த வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த அம்பரைக் குறித்து, லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி நிலையத்தின் ஆராய்ச்சியாளரும் பிற நாட்டு அறிஞரும் சேர்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ 150 கிலோகிராம் அம்பரில் 700-க்கு மேற்பட்ட பூச்சிகளும் அவற்றை ஒத்த பிற உயிர்களும் அகப்பட்டிருந்தன. அவை 14 வரிசைகளையும் 55 குடும்பங்களையும் சேர்ந்தவை. அவற்றின் வயது 5 கோடி முதல் 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகள். இந்தியத் துணைக்கண்டம் தென்கண்டங்களிலிருந்து பிரிந்து, நெடுங்காலம் தனித் தீவாய் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை அணுகிய காலம் அது. அத்தனை காலம் தனித்திருந்த நிலத்தில் பிற இடங்களில் இல்லாத விசித்திரப் பூச்சிகள் மலிந்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். மாறாக, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் காணப்படும் பூச்சிகளின் உறவினங்கள் அவற்றுள் இருந்தன. எனவே அத்தனிமை முழுமையானது அன்று என்பது வெளிப்பட்டது. ஒரு கண்டத்தின் பயணத்தைக் கொசுவினும் சிறிய பூச்சிகள் சாட்சி கூறித் திருத்தின.

அப்பிசினை ஈன்றவை டிப்டெரோகார்ப் என்னும் குடும்பத்து மரங்கள் என்பது ரசாயனப் பரிசோதனையால் தெளிவாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளைக் குங்கிலிய மரமும் அக்குடும்பத்தது. வட இந்தியக் காடுகளின் சால மரமும் அவ்வாறே. கடையில் குங்கிலியம் என்று கொடுக்கப்படுவது பல சமயம் அதன் பிசினேயாகும். கருங்குங்கிலிய மரமோ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கடைக்காரரின் ஒரு பெயருள் மூன்று மரங்கள் அடங்கியிருப்பதால், மாதிரிகளைக் கடையில் வாங்கி ஆராய்வது பயன் தராது. மரத்தடிக்கே செல்லல் வேண்டும்.

உலகச் சந்தையில் அம்பர் என்றால் பால்டிக் கடற்கரையின் அம்பரே அளவுகோல். அதில் சக்சினிக் அமிலம் உண்டு. கரைப்பான்களுக்கு அது எளிதில் இளகாது. எனவே அசிட்டோன் துளி பட்டு ஒட்டினால் அது போலி, அல்லது இளம் பிசின் என்று வணிகர் தள்ளிவிடுவர். வஸ்தான் அம்பரின் மூலக்கூறுகள் அவ்வளவு இறுகப் பிணையவில்லை. டொலுவீன், குளோரோபாரம் ஆகியவற்றில் அது கரைந்துவிடும். வணிகர் குறையென ஒதுக்கும் இக்குணமே ஆராய்ச்சியாளருக்குப் பெரும் பேறாயிற்று. அம்பரைக் கரைத்து, உள்ளிருந்த பூச்சியைக் காலும் இறகும் சிதையாமல் முழுதாக வெளியே எடுத்தனர்! பால்டிக் அம்பரில் இது இயலாது. மணிக்கு உதவாத அம்பர் மதிப்பற்றது என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வெண்ணத்தால் விளையும் நஷ்டம் கற்பனையன்று. பழுப்பு நிலக்கரி வெட்டப்படுவது அனல்மின் நிலையங்களுக்காகும். இராட்சத இயந்திரம் அடுக்கை அறுத்துத் தள்ளுகையில், அதிலுள்ள பிசின் கட்டியும் உடன் சென்று கொதிகலனில் எரிந்துபோகின்றது. 1956-இல் நிறுவனம் அமைக்கப்பட்டு 1960-களின் தொடக்கத்திலிருந்து கரி எடுக்கப்படும் நெய்வேலியின் அடுக்குகளிலும் மஞ்சள் நிறப் பிசின் துணுக்குகள் உண்டு. சுரங்கத்தை நிறுத்த வேண்டும் என எவரும் கோரவில்லை. பிசின் கண்ணில் படுமிடத்தில் அடுக்கின் ஆழத்தையும் நாளையும் எழுதி, ஒரு பெட்டியில் எடுத்து வைத்து, ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பும் கடமை சுரங்க அலுவலர் ஒருவருக்கு விதிக்கப்பட்டால் போதும். அதற்கு ஆகும் செலவு அற்பம். எரிந்த கட்டியை எந்தச் செலவாலும் மீட்க இயலாது.

மலைமேல் நிற்கும் மரத்தின் நிலையும் கவலைக்குரியதே. புதைந்த பிசினின் ரசாயனத்தை அறியச் சுரக்கின்ற பிசினோடு ஒப்பிட வேண்டும். ஆகவே மரம் போனால் ஒப்பிடுதற்குரிய மூலமும் போகும். வெள்ளைக் குங்கிலிய மரம் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக முன்னர் பெருமளவில் வெட்டப்பட்டது. வார்னிஷுக்கு உதவும் அதன் பிசினுக்காகத் தண்டு கீறப்படுகின்றது. கருங்குங்கிலிய மரத்தின் அடியைக் கீறித் தீ மூட்டும் பழைய வழக்கமோ, அளவு மீறினால் மரத்தையே கொல்லும். இதனால் பிசின் எடுப்பதை அறவே தடுக்க வேண்டும் என்பாரும் உளர். அவ்வாதம் பொருந்தாது. எந்த மரம் எத்தனை கீறலைத் தாங்கும் என்பதைத் தலைமுறையாக அறிந்தவர் மலைவாசிகளே. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மீது அவர்களுக்கு உரிமையும் அளித்துள்ளது. நாளையும் அதே மரத்திடம் வரவேண்டியவன் அதனைக் கொல்லத் துணியான். ஒரு பருவத்துக்கு மட்டும் வரும் குத்தகைக்காரனுக்கு அந்த அச்சம் இல்லை. கீறலின் ஆழத்தையும், மரத்துக்கு விட வேண்டிய ஓய்வையும் வனத்துறையினர் அம்மக்களோடு கலந்து வரையறுத்தலே தக்க வழியாகும்.

வெட்டிய மரத்துக்கு ஈடாக விதையைச் சேமித்து வைக்கலாம் என்பதும் இம்மரத்தினிடத்தில் செல்லாது. வெள்ளைக் குங்கிலியத்தின் பருத்த விதை உலர்ந்தால் உயிரிழக்கும். சில வாரங்களுக்கு மேல் அது முளைப்புத் திறனுடன் இருப்பதில்லை. ஆதலால் பெட்டியிலிட்டுப் பூட்டி வைக்கும் விதைக் களஞ்சியம் இதற்கு உதவாது. மழை தொடங்கும்போது உதிர்வதை அம்மழையிலேயே, காட்டை ஒட்டிய நாற்றங்காலில் ஊன்ற வேண்டும்.