செடிக்குக் கண்ணாடி மாளிகை, ஆளுக்கு ஜன்னல் இல்லாத லயம்

சாகுபுரம், ஆறுமுகநேரிப் பக்கம் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகளை இந்தக் கோடை விடுமுறையில் ஊட்டிக்குக் கூட்டிப் போனோம். 22 பிள்ளைகள். பாதிக்கு மேல் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஸ்வெட்டரையே அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போட்டுப் பார்த்தார்கள். அரசு தாவரவியல் பூங்காவில் கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்ததும் எல்லோரும் பூக்களுக்கு நடுவில் நின்று போட்டோ எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒருத்தி மட்டும் மேற்கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, செடிக்குப் போயி எதுக்குக் கண்ணாடி வீடு?" என்று கேட்டாள். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வரும், உள்ளே வந்த சூடு லேசில் வெளியே போகாது, அதனால் குளிர் தாங்காத செடியும் பிழைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அவள் விடவில்லை. "அப்ப இதையெல்லாம் நட்டவங்களுக்கு என்ன வீடு குடுத்தாவ?"

சமூகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. ஊர் திரும்பிய பிறகு யோசித்து எழுதுகிறேன். அவளுக்காகவும், உங்களுக்காகவும்.

கண்ணாடி மாளிகை எதற்கு வந்தது?

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது. வார்ப்பிரும்பும் மலிவானது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் பனை வகைகளுக்கான பெரிய கண்ணாடி மாளிகை 1844-க்கும் 1848-க்கும் இடையில் எழுந்தது. 1851-இல் லண்டன் கண்காட்சிக்காக 'கிரிஸ்டல் பேலஸ்' வந்தது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகையைக் கட்டினார்கள். 1889 நவம்பர் 30 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர். இரும்புச் சட்டங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர வார்ப்பாலையிலிருந்து கப்பலில் வந்தன.

இவை அழகானவைதான். ஆனால் அழகுக்காக மட்டும் அரசாங்கம் இவ்வளவு செலவு செய்யவில்லை. ஒரு கண்டத்தின் செடியை இன்னொரு கண்டத்தில் பிழைக்கவைத்துப் பணமாக்குவதற்கான பட்டறைகளாகவும் அவை இருந்தன. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்ணாடி பதித்த ஒரு மூடிய பெட்டியை உருவாக்கினார். அதற்குள் வைத்த செடி மாதக்கணக்கான கப்பல் பயணத்திலும் சாகாது. 'வார்டியன் பெட்டி' என்று பெயர். கப்பலில் ஏறிய குட்டிக் கண்ணாடி மாளிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனாவிலிருந்து சுமார் 20,000 தேயிலைச் செடிகளை ராபர்ட் ஃபார்ச்சூன் இந்தியாவுக்குக் கடத்திவந்தது இந்தப் பெட்டிகளில்தான்.

ஊட்டிப் பூங்காவை 1848-இலிருந்து உருவாக்கிய மெக்ஐவர், 1860-களில் தென் அமெரிக்காவின் சின்கோனாவை நீலகிரியில் வளர்த்தெடுத்தார். மலேரியாவுக்கான கொய்னா மருந்து அந்த மரப்பட்டையிலிருந்துதான் கிடைத்தது. அந்தச் சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில், மலாய்க் கரையோர ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. மெக்ஐவர் பெயர் நமக்குத் தெரியும். அந்தக் கைதிகளில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா?

1876

இந்த ஒரு வருடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

1876 ஜூனில், பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகள் கியூ பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. கண்ணாடிக் கூடங்களில் இருந்த ஆர்க்கிட் செடிகளை ஒதுக்கிவிட்டு அவற்றை விதைத்தார்கள். முளைத்தவை 2,700 சொச்சம். ஆகஸ்டில், அவற்றில் 1,900-க்கும் மேற்பட்ட நாற்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. கொழும்புக்கு அருகில் ஹெனரத்கொடையில் தனித் தோட்டமே போட்டு அவற்றை வளர்த்தார்கள்.

அதே 1876-இல்தான் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. நிவாரண முகாமில் உடல் உழைப்புக்குக் கூலியாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. ரப்பர் நாற்றுக்கு எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும் என்று அளந்து அளந்து கொடுத்த அதே அரசாங்கம், மனிதன் எவ்வளவு குறைவாகத் தின்று உயிரோடு இருப்பான் என்றும் அளந்து பார்த்தது.

தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் இந்த ஆண்டுகளில்தான். ஒரு பக்கம் செடி இறங்கியது. இன்னொரு பக்கம் பசித்த ஜனம் ரயிலேறித் துறைமுகத்துக்கு வந்தது.

தட்டப்பாறை ஸ்டேஷன்

தூத்துக்குடியிலிருந்து மணியாச்சிக்குப் போகும் வழியில் தட்டப்பாறை ஸ்டேஷனைக் கடந்திருப்பீர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய்ப் பரிசோதனைக்காக அடைத்துவைக்கும் முகாம் அங்கே இருந்தது. மண்டபம் முகாமுக்கு இருக்கும் பெயர் இதற்கு இல்லை. எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கே தெரியாது.

என் பாட்டியின் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா அம்மாவோடு கண்டிச்சீமைக்குப் போனவர். "தட்டப்பாறையில ஒரு வாரம் வெச்சிருந்தாவ. உடுத்தியிருந்த துணியெல்லாம் வாங்கி அவிச்சுக் குடுத்தாவ" என்று சொல்வாராம். கிருமி சாகத் துணியை ஆவியில் வேகவைத்ததைத்தான் 'அவிச்சு' என்று சொல்லியிருக்கிறார். அந்த வரலாற்றில் எங்கள் குடும்பத்திடம் மிச்சம் இருப்பது இந்த இரண்டு வாக்கியங்கள்தான்.

1906-இல் வ.உ.சி. கப்பல் விட்டது இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில். பள்ளிப் பாடத்தில் அதைப் படிக்கிறோம், பெருமைப்படுகிறோம், படவேண்டியதுதான். அந்தக் கடல்வழியில் போன கூலி ஜனத்தைப் பற்றியும் நாலு வரி படித்தால் என்ன?

போனவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பஞ்சம் மட்டும் அவர்களைத் துரத்தவில்லை. பண்ணையடிமைத்தனமும் சேரித் தெருவும் துரத்தின. போன இடத்தில் கிடைத்த வீட்டுக்கு 'லயம்' என்று பெயர். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். 10 அடிக்கு 12 அடி, பெரும்பாலும் ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. அதற்குள் ஒரு குடும்பம், அடுப்பு, புகை. கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு, தோட்டம் மாறினாலும் ஆளோடு கூடவே போகும். 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

செடிக்கு நாலு பக்கமும் வெளிச்சம். அந்தச் செடியைப் பணமாக்கியவளுக்கு ஒரு ஜன்னல் இல்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

"இதில் சாதி எங்கே வந்தது?"

இதை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. முதலாவது, "இது வெள்ளைக்காரன் செய்தது, இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?"

தோட்டத்தை நடத்தியவன் வெள்ளைக்காரன்தான். ஆனால் ஆள் பிடித்த பெரிய கங்காணிகள் பெரும்பாலும், தொழிலாளிகளுக்கு மேலே வைக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். லயங்களிலும் சாதிவாரியாகப் பிரித்துக் குடிவைத்தார்கள். கடல் தாண்டியும் சேரி கூடவே வந்தது. சாதி ஏற்கெனவே மலிவாக்கி வைத்திருந்த உழைப்பைத்தான் துரை வாங்கினான். இரண்டில் ஒன்றை மட்டும் பேசினால் கணக்கு பாதியில் நிற்கும்.

இரண்டாவது மறுப்பு எனக்கே உள்ளுக்குள் இருந்தது. உப்பளத்தில் நாளெல்லாம் வெயிலில் நிற்கிற வீட்டுப் பிள்ளைகள் ஒருநாள் குளிரில் பூப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், அதையும் கெடுக்க வேண்டுமா?

வேண்டாம். கண்ணாடி மாளிகையை இடிக்கச் சொல்லவோ, போட்டோ எடுக்காதே என்று சொல்லவோ நான் வரவில்லை. பொதுப் பூங்கா என்பது நம் ஜனம் யாரையும் கேட்காமல் நுழையக்கூடிய இடங்களில் ஒன்று. அதை நாம் விட்டுவிடக் கூடாது. அதனால்தான், அங்கே சொல்லப்படும் கதையிலும் நமக்குப் பங்கு வேண்டும் என்கிறேன்.

ஊட்டி யாருடைய ஊர்?

ஊட்டி என்றால் கவர்னர், துரை, சினிமா டூயட். பூங்காவை ஒட்டி மேலே தோடர் மந்து இருக்கிறது, மலை அவர்களுடையது. அதே நீலகிரியில்தான் அயோத்திதாசப் பண்டிதர் தம் பொதுவாழ்வைத் தொடங்கினார். 1891-இல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அங்கேதான் கூட்டித் தீர்மானங்கள் போட்டார். இரட்டைமலை சீனிவாசனும் இளம் வயதில் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தவர். சுற்றுலாப் போகிற நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அங்கே திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். 1948-இல் இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, அந்த மக்களைக் கேட்காமலேயே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களில் பலரை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில், இன்றைய டான்டீயில், வேலைக்கு வைத்தார்கள். மறுபடியும் மலை, மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம்.

கதையை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் லால்பாக்கைக் காட்டுங்கள். 2024 ஆகஸ்டில் அங்கு நடந்த சுதந்திர தின மலர்க் கண்காட்சியின் கருப்பொருள் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை. இங்கிலாந்து இளவரசர் அடிக்கல் நாட்டிய அதே கண்ணாடி மாளிகை. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் பூ பத்துப் பன்னிரண்டு நாளில் வாடிவிடும். கல்லில் வெட்டி வைத்த பெயர் அங்கேயே இருக்கும்.

என்ன கேட்கலாம்?

ஒன்று. பாரம்பரியக் கண்ணாடி மாளிகை உள்ள ஒவ்வொரு அரசுப் பூங்காவிலும் தமிழில் ஒரு நிரந்தரப் பலகை. யார் வடிவமைத்தார், யார் திறந்துவைத்தார் என்பதோடு, அந்தச் செடிகள் எங்கே போயின, யார் உழைப்பில் வளர்ந்தன, கைதிகள், கூலிகள், தோடர்கள் எல்லோரும் அதில் வர வேண்டும். தோட்டக்கலைத் துறைக்கு மனு எழுதுவோம். வரைவு தயாரிக்க மாணவர்கள் வாருங்கள்.

இரண்டு. இன்றைக்கு அந்தக் கண்ணாடியைத் துடைப்பவர், தொட்டியை மாற்றுபவர், கழிப்பறையைக் கழுவுபவர் யார், தினக்கூலியா, ஒப்பந்தமா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நீலகிரிப் பூங்கா, பண்ணைத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். கட்டடத்துக்குப் பாரம்பரியம் என்று பாதுகாப்பு கேட்கிறவர்கள், அதைப் பராமரிக்கிறவருடைய வேலைக்கும் பாதுகாப்பு கேட்க வேண்டும்.

மூன்று. தட்டப்பாறை ஸ்டேஷனில் ஒரு நினைவுப் பலகை. இது தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களான நம் பொறுப்பு.

நான்கு. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் வீட்டில் கண்டிச்சீமை, மலாயா, பர்மா என்று பேசுகிற தாத்தா பாட்டி இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாக்கியம்தான் மிஞ்சியது. உங்கள் வீட்டில் இன்னும் அதிகம் இருக்கலாம்.

சாகுபுரம் என்ற பெயரே ஆலை வந்த பிறகு வந்த பெயர். ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு வளர்கிற எங்கள் பிள்ளைகள், அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது கையில் மனுவோடு போவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைதான் முதல் கையெழுத்து.

ஜெய்பீம்!